நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் காணொளியில் பதிவு செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் உதகை வண்டியை முதன்முறை படமெடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். நானும் அதையே செய்தேன். கல்லாறு நிலையத்தில் முக்காலியை ஊன்றி, வளைவில் வண்டி தலைகாட்டியதும் பதிவைத் தொடங்கி, முதல் பெட்டி என்னைக் கடந்ததும் அதன் போக்கிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டு போனேன். எஞ்சினைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். ஆனால் அந்த எஞ்சின் வண்டியின் வாலில் இருந்தது. கேமரா மறுபுறம் திரும்பியிருந்த நேரத்தில் அது என் முதுகுப்புறமாக மூச்சிரைத்துக்கொண்டு கடந்து போனது. அன்றைய பதிவில் அதன் ஓசை மட்டும் இருக்கிறது.

இந்தப் பாதையில் மேலேறும் வண்டியை எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பழைய ரயில்களைப் படமெடுக்கும் பொழுதுபோக்கில் கேமராவைக் காட்டிலும் முதலில் கற்க வேண்டியது எஞ்சின் என்பதை எனக்கு உணர்த்தியது அந்த நாள்தான். ஆகவே இந்த வழிகாட்டியும் எஞ்சினிலிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: எஞ்சினைப் படியுங்கள்

மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரையிலான மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) பாதை சுமார் 46 கிலோமீட்டர் நீளமுடையது. குன்னூர் வரையிலான பகுதி 1899-லும், அங்கிருந்து உதகை வரையிலான பகுதி 1908-லும் திறக்கப்பட்டன. சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இந்தப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் ஏற்றம் இருக்கிறது. வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றி ஏறக்கூடிய ஏற்றம் அல்ல இது. அதற்காக இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அவை அமைந்திருப்பதால், எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியே இருக்கும். சுவிஸ் நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை என்பதால் இதற்கு ஆப்ட் முறை என்று பெயர்.

இங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். கீழே இருப்பது உயர் அழுத்த சிலிண்டர். அது ஓடுசக்கரங்களைச் சுழற்றும். மேலே இருப்பது தாழ் அழுத்த சிலிண்டர். அது பல்சக்கரத்தை இயக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதை ஏறக்குறைய சமதளமாக இருப்பதால் கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். மேலேயுள்ள தண்டுகள் அசையாமல் நிற்கும். கல்லாறைத் தாண்டிப் பற்பாதையில் நுழைந்ததும், கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்து முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குள் போய் இரண்டாம் முறை உழைக்கத் தொடங்குகிறது. மேல் தண்டுகள் உயிர்பெறும் அந்தக் கணத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கீழ்த் தண்டுகள் ஒரு திசையில் நிதானமாகச் சுழலும்போது, மேல் தண்டுகள் அதற்கு எதிர்த்திசையில், அதைவிட விரைவாகச் சுழலும். இடையில் பற்சக்கர இணைப்பு இருப்பதே இதற்குக் காரணம்.

புகைபோக்கியின் ஓசையும் அதே இடத்தில் மாறுகிறது. சமதளத்தில் உயர் அழுத்த நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போவதால் ஒவ்வொரு மூச்சும் வெடிப்பாகக் கேட்கும். பற்பாதையிலோ இருமுறை உழைத்துத் தளர்ந்த நீராவி வெளியேறுவதால் ஓசை மென்மையாகும், தாளமும் மாறும். எஞ்சினின் உள்ளே நடப்பதைக் காதாலேயே பின்தொடரக்கூடிய இந்த மாற்றத்தைப் பதிவு செய்வதற்காகவே ஒருவர் நீலகிரிக்கு வரலாம்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் கொள்ள வேண்டும். நிலக்கரியில் ஓடிய எஞ்சின்களில் சில பின்னாளில் எண்ணெய் எரிப்புக்கு மாற்றப்பட்டன. திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் எஞ்சின்கள் கட்டப்பட்டன. எரிபொருள் மாறும்போது புகையின் நிறமும், நிலையத்தில் நிற்கும்போது எழும் ஓசையும் மாறுகின்றன. எண்ணெய் எரியும் எஞ்சினிலிருந்து ஓர் இடைவிடாத இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் பதிவு செய்யும் எஞ்சினின் எண் எது, அது எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதி வையுங்கள். 37384 என்பது போன்ற ஐந்து இலக்க எண் எஞ்சினிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: சட்டமும் காடும்

தண்டவாளத்தின்மீது அனுமதியின்றி நடப்பது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ, 1,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாகும். படிக்கட்டிலோ கூரையிலோ எஞ்சினிலோ தொற்றிக்கொண்டு பயணம் செய்வதை 156-ஆம் பிரிவு தடுக்கிறது. நல்ல காட்சிக்காகப் பாலத்தின்மீதோ குகை வாயிலிலோ போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலைப்பாலங்களில் ஒதுங்கி நிற்க இடம் இருக்காது. குகைகளிலோ பெட்டிக்கும் பாறைக்கும் இடையில் மிகக் குறைந்த இடைவெளியே உண்டு. அந்த இடங்களில் எடுத்த காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் என் தொகுப்பில் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

கல்லாறுக்கு மேலே பாதை அடர்ந்த காட்டுக்குள் நுழைகிறது. இது யானைகள் நடமாடும் இடம். ஆடர்லி, ஹில்குரோவ் ஆகிய நிலையங்களுக்கு ரயிலில் போய் இறங்குவதே முறை. தண்டவாளத்தின் வழியே நடந்து போகும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி தேவை. குன்னூருக்கு மேலே வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. அந்த வளாகங்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். டிரோன் பறக்கவிட விரும்புவோர் 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளையும் வான்வெளி வரைபடத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இந்தப் பாதைக்கு டிரோனே வேண்டாம் என்பேன். அதன் இரைச்சல் விலங்குகளைக் கலைக்கும். எஞ்சினின் ஓசையையும் கெடுக்கும்.

நடைமேடையில் சொந்த விருப்பத்துக்காக எடுப்பதற்கும் வணிக நோக்கில் எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. பெரிய முக்காலி, விளக்குகள், மைக் பொருத்திய ஒலிக்கோல் என்று கருவிகளைப் பரப்புவதாக இருந்தால் முன்கூட்டியே ரயில்வேயிடம் எழுத்து மூலமாக அனுமதி பெறுங்கள். இந்தப் பாதை தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. எதுவானாலும் நிலைய அதிகாரியை முதலில் சந்தித்து, யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது. பணியிலிருப்பவர்களின் முகம் பதிவாகுமானால், "அண்ணா, உங்களையும் சேர்த்து எடுத்துக்கலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை; அப்படியே சொன்னாலும் அதற்குக் கட்டுப்படத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: பருவமும் இடமும்

குளிரில் நம் மூச்சு வெண்மையாகத் தெரிவதைப் போலத்தான் எஞ்சினின் நீராவியும். காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் வெண்திரள் நெடுநேரம் கலையாமல் நிற்கும். வெயிலேறிவிட்டால் புகைபோக்கியை விட்டு வெளியேறிய உடனே மறைந்துவிடும். இதனால் சனவரி, பிப்ரவரி மாதங்களின் காலைப்பொழுதுதான் இந்த வேலைக்கு மிக உகந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் மிகுதி. வடகிழக்குப் பருவமழையின்போது, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவால் போக்குவரத்து அடிக்கடி நிறுத்தப்படும் என்பதால் வெளியூரிலிருந்து வருவோர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. எப்போது கிளம்பினாலும் முதல்நாள் மாலையில், வண்டி ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு மூன்று நாட்களை ஒதுக்குங்கள். முதல் நாள் வண்டியிலேயே ஏறி உதகை வரை போங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம் அது. அன்று கேமராவை அதிகம் எடுக்காமல் குறிப்பேட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தண்ணீர் பிடிக்கிறார்கள், எங்கே ஊதல் கொடுக்கிறார்கள், எந்த வளைவில் சன்னல் வழியே எஞ்சின் முழுமையாகத் தெரிகிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இந்த ஒரு நாளை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் அடுத்த மூன்று பயணங்களை வீணடிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் தரையில் நிற்க வேண்டும். சாலை வழியே எளிதில் போகக்கூடிய இடங்களில் கல்லாறும் ரன்னிமீடும் எனக்குப் பிடித்தவை. கல்லாறு நிலையம் பாக்குமரங்கள் சூழ்ந்த அடிவாரத்தில் இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே திறந்த வானம். வண்டி பொதுவாக மேற்கு நோக்கி ஏறுவதால், எதிரே நின்று எடுத்தால் காலைச் சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கும். அப்போது நீராவி ஒளிவிளிம்போடு மின்னும், எஞ்சினோ கருநிழலாகிவிடும். வண்டி உங்களைக் கடந்த பிறகு எடுத்தால், வெயில் உங்கள் முதுகுப்புறமிருந்து எஞ்சின்மீதே விழும். வேறு பாதைகளில் வண்டி கடந்துவிட்டால் காட்சி முடிந்தது. இங்கே அதன் பிறகுதான் தொடங்குகிறது. வளைவுகள் மிகுந்த பாதை என்பதால் இடத்துக்கு இடம் இது மாறும். முதல் நாள் குறிப்பு அதற்குத்தான் உதவும்.

ரன்னிமீடு குன்னூருக்குக் கீழே, காட்டேரிப் பூங்காவை ஒட்டி இருக்கிறது. வண்டி அங்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும் என்றாலும், நின்று தண்ணீர் பிடித்துப் புறப்படும் எஞ்சினை அமைதியாகப் பார்க்கலாம். கல்லாறில் எடுத்துவிட்டு மலைச்சாலையில் போனால் வண்டிக்கு முன்பே ரன்னிமீட்டை அடைந்துவிட முடியும், ஏனெனில் பற்பாதையில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். அவசரமே இல்லை. 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் விரட்டிப் போகாதீர்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் இறங்கும் வண்டியைப் பாருங்கள். இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கும், ஆனால் அது உழைப்பதில்லை, வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. புகையும் முழக்கமும் குறைவு. பற்கள் கடிபடும் உலோக ஓசைதான் மேலோங்கிக் கேட்கும்.

குன்னூருக்கு மேலே வண்டியை ஓட்டுவது ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின். நீராவிக்காக வருபவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, இது எனக்கு வருத்தம் தருகிறது. நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளில் பெரும்பகுதி அகலப் பாதையாகிவிட்ட இன்று, அந்த டீசல் எஞ்சினும் அருகிவரும் ஒன்றுதான். கேத்திப் பள்ளத்தாக்கில் அதையும் ஒருமுறை பொறுமையாக எடுத்து வையுங்கள்.

நான்காம் படி: கருவிகள்

கையிலுள்ள கைப்பேசியே தொடங்கப் போதும். கூடுதலாகப் பணம் செலவழிக்க முடியுமானால், புதிய கேமராவுக்கு முன்பாக நல்ல முக்காலி ஒன்றும், காற்றுத்தடுப்புடன் கூடிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். முக்காலியின் தலை, எண்ணெய் போல வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் வகையாக இருக்க வேண்டும். புகைப்படத்துக்கான பந்துத்தலை முக்காலியில் கேமராவைச் சீராகத் திருப்ப முடியாது.

கேமராவில் இரண்டு லென்ஸ்கள் போதும்: நிலப்பரப்போடு சேர்த்து எடுக்க 24 மில்லிமீட்டர் அளவிலான அகன்ற லென்ஸ் ஒன்று, தண்டுகளையும், பெட்டியில் பிரேக் பிடிக்கும் ஊழியரான பிரேக்ஸ்மேனின் கையையும் நெருங்கிக் காட்ட 70 முதல் 200 வரையிலான தொலைநோக்கு லென்ஸ் ஒன்று. லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம் வேண்டும். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். நினைவட்டையைப் பொறுத்தவரை, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் தேவைப்படும். கணக்குப் போட்டு இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். மழையுறை, துடைதுணி, கூடுதல் மின்கலம் ஆகியவற்றைச் சொல்லவே தேவையில்லை.

ஐந்தாம் படி: கேமராவைப் பொருத்துதல்

எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். கறுப்பு எஞ்சின், வெள்ளை நீராவி, இருண்ட காடு, வெளுத்த வானம் ஆகிய நான்கும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) வருகின்றன. தானியங்கி முறையில் விட்டால், நீராவி பெருகும்போது படம் கறுத்தும் கலையும்போது வெளுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்.

வேகத்தை நொடிக்கு 25 சட்டங்களாகவும் ஷட்டரை 1/50 நொடியாகவும் வையுங்கள். தண்டுகளின் சுழற்சி கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது இந்த அளவில்தான். ஆனால் நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100-ல் 1/50 ஷட்டருக்கு எஃப் 22 வரை லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டியிருக்கும்; படம் மங்கிவிடும். நான்கு படி ஒளியைக் குறைக்கும் என்டி 16 ஃபில்டரை மாட்டினால் எஃப் 5.6-லேயே எடுக்கலாம்.

வெளிச்ச அளவை எஞ்சினுக்காக அல்ல, நீராவிக்காகக் கணக்கிடுங்கள். நிழலில் மறைந்த கறுப்பைத் தொகுப்பின்போது ஓரளவு மீட்கலாம். வெளுத்துப் போன நீராவியின் மடிப்புகளை மீட்கவே முடியாது. கேமராவில், வெளிச்சம் மிகுந்த பகுதிகளில் வரிக்கோடு காட்டும் வசதி இருந்தால் 95 விழுக்காட்டில் அதை வைத்து, வெண்திரளில் கோடுகள் தோன்றாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். நிறச்சமநிலையை 5,600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். குவியத்தை (ஃபோகஸை), வண்டி வந்து சேரப்போகும் இடத்திலுள்ள தண்டவாளத்தின்மீது முன்கூட்டியே வைத்து விட்டுவிடுங்கள். தானியங்கிக் குவியம் புகையைப் பார்த்ததும் தடுமாறும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் அதே இடத்தை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொண்டு, அழைப்பு வந்து பதிவு தடைபடாமலிருக்க விமானப் பயன்முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: ஒலி

இந்தப் பொழுதுபோக்கில் பலரும் அலட்சியப்படுத்துவதும், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவதும் ஒலிதான். படத்தில் எஞ்சின் அரை நிமிடமே தெரியலாம். ஓசையோ பள்ளத்தாக்கில் கால் மணி நேரம் முன்பே கேட்கத் தொடங்கி, மறைந்த பிறகும் நெடுநேரம் நீடிக்கும். அதனால் ஒலிப்பதிவுக் கருவியை வண்டி வருவதற்கு 15 நிமிடம் முன்பே ஓடவிட்டு, கடைசி முழக்கம் பறவைகளின் ஒலியில் கரையும் வரை நிறுத்தாமல் விடுங்கள். உடன் வந்தவர்களிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். நல்ல பதிவுகள் பலவற்றைக் கெடுத்தது நம்முடைய பேச்சொலிதான்.

ஒலியளவை எஞ்சினின் மூச்சுக்கு ஏற்ப வைத்தால் ஊதல் வரும்போது ஒலி உடைந்துவிடும். மூச்சின் உச்சம் மைனஸ் 18 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்து, ஊதலுக்கு இடம் விடுங்கள். கருவி அனுமதித்தால் அதே ஒலியை 10 டெசிபல் குறைவாக இன்னொரு தடத்திலும் பதிவு செய்யுங்கள். கேமராவில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து எஞ்சின் நெருங்கி வருவது என்ற உணர்வையே அது அழித்துவிடும்.

தொலைவிலிருந்து எடுக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். எதிர்மலையில் 350 மீட்டர் தள்ளி ஓடும் எஞ்சின் ஊதல் கொடுக்கும்போது, வெள்ளைக் குஞ்சம் ஒன்று மேலே எழுவது முதலில் தெரியும். ஒரு நொடி கழித்தே ஓசை வந்து சேரும். தொகுப்பில் சிலர் இதைத் தவறென்று எண்ணி இழுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில் அந்த ஒரு நொடியை நான் அப்படியே விட்டுவிடுவேன். மலையின் அகலத்தை அதைவிடச் சரியாகக் காட்ட வேறு வழியில்லை. நெருங்கிய காட்சிகளில் மட்டும் ஒலியைப் படத்தோடு ஒட்டிப் பொருத்துங்கள்.

ஏழாம் படி: காட்சிகளை எடுத்தல்

கேமராவை அசைக்காதீர்கள். ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வெறும் தண்டவாளம் தெரியும் நிலையிலேயே பதிவைத் தொடங்கி, வண்டி உள்ளே வந்து, கடந்து, எஞ்சினும் வெளியேறி, புகை கலையும் வரை அப்படியே நிற்க விடுங்கள். பத்துக் காட்சியில் எட்டுக் காட்சி இப்படி இருக்கட்டும். மீதி இரண்டில் கேமராவைத் திருப்பலாம். அப்போதும் முன்பெட்டியை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் பின்தொடர வேண்டும், அதன் போக்கின் முன்புறம் சற்று இடம் விட்டுச் சட்டத்தை அமைக்க வேண்டும்.

முழு வண்டியையும் காட்டும் காட்சிகளோடு, நெருங்கிய காட்சிகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். நிலையத்தில் நிற்கும்போது ஒரு பக்கத்து சிலிண்டர்களையும் தண்டுகளையும் மட்டும் சட்டத்தில் வைத்துக் காத்திருந்தால், புறப்படும் கணத்தில் வடிகுழாய்களிலிருந்து நீராவி சீறி எல்லாவற்றையும் மூடும். அது விலகும்போது தண்டுகள் நகர்ந்துகொண்டிருக்கும். கல்லாறில் பற்பாதை தொடங்குமிடத்தை நடைமேடையிலிருந்து தொலைநோக்கு லென்ஸில் எடுக்க முடியுமா என்று பாருங்கள்; மேல் தண்டுகள் சுழலத் தொடங்குவது கிடைத்தால் அன்றைய வேலை முடிந்தது.

பிரேக்ஸ்மேன்களை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னே பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான் அவருடைய கண்கள். முன்பெட்டியில் இருப்பவர் பாதை சரியாக இருக்கிறது என்று கொடியைக் காட்டுவார். அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார். அப்படியே அது எஞ்சின் வரை போய்ச் சேரும். ஒரு கையில் சுருட்டிய சிவப்பும் பச்சையும், மறு கை பிரேக் பிடியின்மீது, கண் வளைவின்மீது. முன்பெட்டியில் இடம் கிடைத்த ஒரு பயணத்தில் அந்தக் கையை மட்டும் நான்கு நிமிடம் எடுத்தேன். வெயிலில் வெளுத்த கொடித்துணியின் ஓரம் விரலிடுக்கில் துடித்துக்கொண்டிருந்தது. சரளைப் பாறைக்கு மேலே வண்டி குலுங்கும்போதெல்லாம் பிடி இறுகித் தளர்ந்தது. என் தொகுப்பில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி அதுதான்.

வண்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது கையையோ கேமராவையோ சன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். குகைக்குள் நுழையும்போது வெளிச்ச அளவை மாற்ற வேண்டாம். படம் முழுக்கக் கறுக்கட்டும். குகைச் சுவரில் மோதித் திரும்பும் எஞ்சின் ஓசையும், குழந்தைகளின் கூச்சலும் அந்த இருட்டை நிரப்பும். ஒலிக்காகவென்றால் எஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டியில் அமருங்கள். ஹில்குரோவில் வண்டி தண்ணீருக்காக நிற்கும் நேரத்தில் இறங்கலாம். குரங்குகள் பையைத் திறக்கும் என்பதால் கருவிகளைத் தனியே வைத்துவிட்டு நகராதீர்கள்.

நீலகிரிக்கு வரும் முன் பழக விரும்பும் சென்னைவாசிகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, பெரம்பூர் லோகோ பணிமனையில் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்ட இஐஆர் (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 எஞ்சின், சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களையொட்டி எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை பலமுறை ஓட்டப்பட்டிருக்கிறது. அப்படி அறிவிப்பு வந்தால் நடைமேடைக்குப் போய், நீராவிக்கேற்ப வெளிச்சத்தைக் கணக்கிடுவதையும் ஊதலுக்கேற்ப ஒலியை வைப்பதையும் பயின்று பார்க்கலாம்.

எட்டாம் படி: குறிப்பும் பாதுகாப்பும்

அறைக்குத் திரும்பிய அன்றிரவே கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம், எஞ்சின் எண் என்ற வரிசையில் அமையுங்கள். அதனுடன் ஓர் எழுத்துக்குறிப்பும் வேண்டும்: மேலேறும் வண்டியா இறங்கும் வண்டியா, எத்தனை பெட்டிகள், என்ன எரிபொருள், வானிலை எப்படி, எந்த இடத்தில் நின்று எடுத்தது. இருபது ஆண்டு கழித்து ஒரு எஞ்சினின் வண்ணமோ புகைபோக்கியோ எப்போது மாறியது என்று ஒருவர் தேடும்போது, அழகான ஆனால் தேதியில்லாத காட்சியைவிடச் சுமாரான, தேதியுள்ள காட்சியே அவருக்குப் பயன்படும்.

தொகுக்கும்போது பின்னணி இசையைச் சேர்க்காதீர்கள். ஒரு எஞ்சினின் படத்துக்கு இன்னொரு எஞ்சினின் ஓசையை ஒட்டாதீர்கள். அது பொய்ப் பதிவாகிவிடும். காட்சிகளை ஏற்றத்தின் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் குறைந்தது 30 நொடியாவது ஓடவிட்டு, இடம், நாள், எஞ்சின் எண் ஆகிய மூன்றையும் திரையின் ஓரத்தில் தமிழில் எழுதுங்கள். பெட்டிகளின் நீலத்தைக் கண்ணைப் பறிக்கும் நீலமாக மாற்றும் ஆசை எல்லாருக்கும் வரும். நேரில் கண்ட நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டி எறிந்த பகுதிகளையும் அழிக்காமல் மூலக்கோப்புகளாகவே வையுங்கள். பிறகு, டிரைவர், ஃபயர்மேன், பிரேக்ஸ்மேன் ஆகியோரில் யாருடைய முகம் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு அந்தக் காட்சியை மட்டும் தனியே வெட்டி, ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். அந்த நான்கு நிமிடக் காட்சியை நான் அனுப்பியபோது, "வீட்டுல எல்லாரும் பார்த்தாங்க. நான் என்ன வேலை செய்யறேன்னு என் பையனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று அந்த அண்ணன் பதில் அனுப்பியிருந்தார்.